டின்னைத் திறந்த பிறகு என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், தூண்டில் போடப் போகிறவர்கள் சாப்பிட என்னென்ன எடுத்துப் போகலாம் என்று ஒரு பக்கம் வந்திருந்தது. டின்னில் அடைத்த கோழிக்கறி, சூரை மீன் டின், லஞ்சன் மீட், சீஸ், பிஸ்கட் என்று வரிசையாகப் படம் போட்டிருந்தீர்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மறுநாளே இரண்டு பையன்கள் என் கடைக்கு வந்துவிட்டார்கள். "அக்கா, இதெல்லாம் இருக்கா?" எனக்கு 63 வயது. அக்கா என்று கூப்பிட்டதற்காகவே ஆளுக்கொரு கடலை மிட்டாய் சும்மா கொடுத்தேன். ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்த பிறகு, எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகும் வழியில் எங்கள் மளிகைக் கடை. அப்பா ஆரம்பித்தது. விடியற்காலை மூன்றரை மணிக்குத் திறந்துவிடுவேன். விசைப்படகுக்காரர்கள் வாங்கும் சாமான் எனக்கு மனப்பாடம். அரிசி, புளி, மிளகாய்த்தூள், வெங்காயம், டீத்தூள், சர்க்கரை, பால் பவுடர், பிஸ்கட், தீப்பெட்டி. கறி மீன் எதுவும் கேட்க மாட்டார்கள். படகிலேயே அடுப்பு இருக்கிறது. வலையில் விழுந்ததில் விலை போகாத மீனை அள்ளிப் போட்டுக் குழம்பு வைத்தால், அந்த ருசி கரையில் எந்த வீட்டிலும் வராது. அவர்களிடம் போய் மீன் டின் விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஒரு சூரை டின் விலைக்குத் துறைமுகத்தில் சில நாள் முழுச் சூரையே கிடைக்கும்.

டின் கேட்டு வருகிறவர்கள் வேறு ஆட்கள். சனி, ஞாயிறு வந்தால் சென்னையிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ராடும் ரீலுமாக வந்து இறங்குகிறார்கள். சிலர் பைபர் படகு பேசிக்கொண்டு உப்பனாறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் போய்க் கொடுவாய் மீனுக்குக் காத்திருக்கிறார்கள். சிலர் தேவனாம்பட்டினம் கரையிலேயே நின்று கிழங்கான் பிடிக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். காசை எண்ணாமல் கொடுப்பார்கள். அவர்களுக்காகத்தான் நானும் ஆறேழு வருஷமாக ஒரு தட்டில் டின் அடுக்கி வைத்திருக்கிறேன். ஆக, நான் டின்னுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அதை விற்றுத்தான் எனக்கும் நாலு காசு வருகிறது.

டின் எனக்குப் புதிதும் கிடையாது. என் பெரியப்பா புதுச்சேரியில் சொல்தா. வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்றுதான் சொல்வோம். பெரியப்பா இந்தோசீனாவுக்கும் போனார், அல்ஜீரியாவுக்கும் போனார். நான் எட்டு வயதுப் பெண்ணாக லீவுக்கு அவர் வீட்டில் இருந்தபோது, ஊசுடு ஏரிக்கு வாத்து சுடக் கிளம்புவார். இப்போது அந்த ஏரி பறவைகள் சரணாலயம். அப்போது குழல் துப்பாக்கியோடு சைக்கிளில் போய்வருவார்கள். 1972-இல் வன உயிர்ச் சட்டம் வந்தது. அப்புறம் 1991 திருத்தத்தில் லைசென்ஸ் வைத்து வேட்டையாடுவதும் நின்றுபோயிற்று. பெரியப்பா அந்தத் திருத்தத்துக்கு முன்னாலேயே துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். கண் பார்வை போய்விட்டது. அதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல் சட்டத்தின் மேல் பழியைப் போட்டார் என்று பெரியம்மா சொல்வார்.

வேட்டைக்குப் போகும் நாளில் பெரியம்மா பையில் வைப்பது மூன்றே சாமான். நீட்டு ரொட்டி ஒன்று, சார்தின் டின் ஒன்று, வெங்காயம் இரண்டு. சார்தின் டின்னின் முதுகில் ஒரு சின்னச் சாவி ஒட்டியிருக்கும். அதைப் பெயர்த்து எடுத்து, மூடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கில் மாட்டிச் சுற்றினால், தகரம் பாய் சுருட்டுவது போலச் சுருண்டு வரும். உள்ளே வெள்ளி வெள்ளியாக நாலைந்து மத்தி, எண்ணெயில் தலைமாறிப் படுத்திருக்கும். அந்தச் சாவியைச் சுற்ற எனக்கும் அண்ணனுக்கும் சண்டை நடக்கும். மாட்டுக்கறி டின் ஒன்றும் இருந்தது. அதைப் பெரியப்பா "சேன்ஜ்" என்பார். பிரெஞ்சில் குரங்கு என்று அர்த்தம். பட்டாளத்தில் டின் மாட்டுக்கறிக்கு அதுதான் கேலிப் பெயராம். "குரங்கு சாப்பிடறியா பாப்பா?" என்று அவர் கேட்டதும் நான் அழுதுகொண்டு திண்ணைக்கு ஓடினதை, அவர் சாகும்வரை சொல்லிச் சிரித்தார்.

பெரியப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். டின்னைத் திறந்துவிட்டால் அந்த இடத்திலேயே முடித்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் நாய்க்கு. வீட்டுக்குத் திரும்ப எடுத்து வரவே மாட்டார். "மூடி இருக்கிறவரைக்கும்தான் அது டின்னு. தொறந்துட்டா வெறும் கறி" என்பார். உங்கள் பக்கத்தில் இந்த ஒரு விஷயம் இல்லை. டின் சாமான் கெடாது, கவலை இல்லை, பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம் என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள்.

என் தங்கச்சி மகன் பைபர் படகு ஓட்டுகிறான். போன வருஷம் மே மாதம், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிற 61 நாளில், ஒரு கோஷ்டியை முகத்துவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவர்கள் காலை ஏழு மணிக்குக் கோழி டின் ஒன்றைத் திறந்து, ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டு, பாதி டின்னை அப்படியே ஐஸ் பெட்டியின் மூடி மேல் வைத்திருக்கிறார்கள். கவனியுங்கள், பெட்டிக்கு உள்ளே வைக்கவில்லை, மேலே. உள்ளே இடம் இல்லை, பீர் இருந்தது. இரை இறாலை உரித்த கையாலேயே எல்லாரும் அந்த டின்னில் கை விட்டிருக்கிறார்கள். மதியம் இரண்டு மணிக்குக் கரைக்கு வந்ததும், "அண்ணே, நீங்க சாப்பிடுங்க" என்று மிச்சத்தை இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்பாகத்தான் கொடுத்தார்கள்.

அவனும் விவரம் தெரியாதவன் இல்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து, வெங்காயம் போட்டு நன்றாகச் சூடு பண்ணித்தான் சாப்பிட்டிருக்கிறான். ஐந்து மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. ஏழு மணிக்கு நிற்க முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினோம். "சுட வெச்சுத்தானே டாக்டர் சாப்பிட்டேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்கள். நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகவே இருக்கும் ஒரு கிருமி, கை வழியாகக் கறியில் இறங்கி, வெயிலில் பெருகி, விஷத்தைக் கக்கி வைத்துவிடுகிறது. திரும்பச் சூடு பண்ணினால் கிருமி சாகும், அது கக்கிய விஷம் சாகாது. எனக்கு அதுவரை இது தெரியாது. சூடு பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நானும் நாற்பது வருஷமாக நினைத்திருந்தேன்.

அப்புறம் என் மருமகள், அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், டின் எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்கு விளக்கினாள். கறியை உள்ளே போட்டு, காற்றுப் புகாமல் மூடி, அதற்கப்புறம்தான் வேகவைக்கிறார்கள். நம் வீட்டுக் குக்கர் மாதிரி ஆவி அழுத்தத்தில், சுமார் 121 டிகிரி சூட்டில். சாதாரணக் கொதி நீர் 100 டிகிரியோடு நின்றுவிடும். அதில் சாகாத கிருமி வித்துகள்கூட இந்தச் சூட்டில் சாகும். உள்ளே இருந்ததெல்லாம் செத்துவிட்டது, வெளியிலிருந்து எதுவும் நுழைய வழியில்லை. அதனால்தான் வருஷக்கணக்கில் நிற்கிறது. இப்படி மூடிவிட்டு வேகவைக்கிற முறையைக் கண்டுபிடித்தவர் நிக்கோலா அப்பேர் என்கிற பிரெஞ்சுக்காரர், சமையல்காரராக இருந்தவர். 1810-இல் பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. அவர் அடைத்தது தகரத்தில் இல்லை, கண்ணாடிச் சீசாவில். தகர டப்பா அதே வருஷம் இங்கிலாந்தில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், டின்னைத் திறக்கிற கருவி வருவதற்கு அப்புறம் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஆனது. அதுவரை உளியும் சுத்தியலும்தான். பெரியப்பா இருந்திருந்தால் இந்தக் கதைக்கு நிச்சயம் ஒரு வாத்துக் கதை சேர்த்திருப்பார்.

திறந்து வைத்த கறி நம் கடலூர் வெயிலில் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. குளிர் தேசத்துக்காரர்கள் எழுதுவதை அப்படியே எடுத்து நாம் போட முடியாது. மே மாதம் பைபர் படகின் தரையில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், தெரியும். மிச்சம் வைக்கத்தான் வேண்டுமென்றால் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, ஐஸுக்கு அடியில் புதைத்து வைக்க வேண்டும், அதுவும் மீனும் இரையும் இல்லாத தனிப் பெட்டியில். அதற்குச் சின்ன டின்னாக வாங்கி ஒரே தடவையில் முடிப்பது மேல். என் கடையில் இப்போது பெரிய டின் வாங்கி வைப்பதை நிறுத்திவிட்டேன்.

இன்னொரு தொல்லை உப்புக் காற்று. துறைமுகத்துப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஆணி அடித்தால் மறு வருஷம் ஆணி இருக்காது. டின் வந்து இரண்டு மாதத்தில் விளிம்பில் செம்புள்ளி விழும். துணியால் துடைத்தால் போகிற துரு என்றால் பரவாயில்லை. துடைத்தும் போகாமல் குழி விழுந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுவேன். ஒரு முறை மொத்த வியாபாரி ஒருவர் அனுப்பிய பெட்டியில் பாதிக்கு மேல் அடிபட்ட டின். வயிற்றுப் பக்கம் லேசாக நசுங்கியிருந்தால்கூடச் சரி என்று விட்டிருப்பேன், இவை மூடியும் உடம்பும் சேர்கிற மடிப்பிலேயே நசுங்கியிருந்தன. "அக்கா, அடிபட்டதுனாலதான் விலை கம்மி" என்றார். திருப்பி அனுப்பிவிட்டேன். அதில் கோபித்துக்கொண்டு இன்றுவரை என் போனை எடுப்பதில்லை, சரி, போகட்டும்.

வாரத்துக்கு ஒரு தடவை எல்லா டின்னையும் எடுத்து மூடியைக் கவனிப்பேன். மேல் மூடியைக் கட்டை விரலால் அழுத்தினால் ஆடக் கூடாது. "டொக்" என்று உள்ளே போய் மறுபடி மேலே வந்தால், உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். உப்பிய டின்னைத் திறந்து மோந்து பார்க்கலாம், நாக்கில் வைத்துப் பார்க்கலாம் என்று யாரும் நினைக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய போட்டுலினம் என்கிற விஷத்துக்கு வாசனையும் இருக்காது, ருசியும் இருக்காது. நரம்பை முடக்கி மூச்சை நிறுத்திவிடும். இதையும் மருமகள்தான் சொன்னாள்.

இதெல்லாம் நான் சொல்லி என் கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். டின் மேலேயே எழுதியிருந்தால் எல்லாருக்கும் தெரியும். ஆனால் டின்னில் தமிழ் எங்கே இருக்கிறது? என் தட்டில் இருக்கும் டின்களில் ஒன்றில்கூட ஒரு தமிழ் எழுத்து கிடையாது. உணவு லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும், வேறு மொழி வேண்டுமானால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் விதியாம். வேண்டுமானால் என்று சொன்னால் எந்தக் கம்பெனி போடும்? "திறந்த பின் குளிரில் வைக்கவும், இத்தனை நாளுக்குள் சாப்பிடவும்" என்கிற வரி எல்லா டின்னிலும் இருக்கத்தான் இருக்கிறது. கடுகு அளவு எழுத்தில், இங்கிலீஷில். தேதியோ டின்னின் அடியில் குத்தியிருப்பார்கள், எங்கள் ஊர்த் துரு முதலில் தின்பது அதைத்தான். என் தங்கச்சி மகன் கடலில் நட்சத்திரம் பார்த்துத் திசை சொல்வான், காற்று வாசனை பிடித்து மழை சொல்வான். இந்த வரியை மட்டும் அவனால் படிக்க முடியாது.

சுனாமி நேரத்தில் இதை ஒரு முறை பார்த்தேன். 2004 டிசம்பருக்கு அப்புறம் நிவாரண மூட்டையில் எங்கள் எதிர் வீட்டுக்கார அம்மாவுக்கு இரண்டு டின் வந்தது. மேலே புல்வெளிப் படம், என்ன மொழி என்றே தெரியவில்லை. உள்ளே ஆடா, மாடா, பன்றியா? அந்த அம்மா டின்னை என்னிடம் கொண்டு வந்து காட்டினார்கள், நான் இன்னொருவரிடம் காட்டினேன். பெரியப்பா அப்போது உயிரோடு இல்லை. பசியோடு இருந்த வீட்டில் அந்த இரண்டு டின்னும் பத்து நாள் சும்மா கிடந்து, கடைசியில் மண்ணுக்குள் போயிற்று. இப்போது அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணக் குறி இருக்கிறது, அந்த மட்டில் நல்லது. எந்தக் கறி என்று அதுவும் சொல்லாது.

சரி, டின் வேண்டாம் என்றால் வேறென்ன எடுத்துப் போவது என்று அந்தப் பையன்களும் கேட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஓட்டோடு வறுத்த வேர்க்கடலை. எங்கள் மாவட்டத்துக் கடலைக்குச் சொல்லவே வேண்டாம். தூண்டில் போடுகிறவன் கையில் எப்போதும் இரை நாற்றம் இருக்கும். கடலையின் ஓட்டில்தான் கை படும், பருப்பு நேராக வாய்க்குப் போகும். வாழைப்பழமும் அப்படித்தான். அவித்த கடலை வேண்டாம், மதியத்துக்குள் பிசுபிசுத்துவிடும். பண்ருட்டி முந்திரி கொஞ்சம் ஒரு மூடி போட்ட டப்பாவில், கையை விடாமல் வாயில் கொட்டிக்கொள்கிற மாதிரி. பொரி உருண்டை. புளிச்சோறு, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, வாழை இலையில் கட்டியது. புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்தால் சோறு சாயங்காலம் வரை நிற்கும். கூடவே தேங்காய்த் துவையல் வைத்து அதைக் கெடுக்காதீர்கள், சுட்ட நெத்திலிக் கருவாடு போதும். தண்ணீர் ஆளுக்கு நாலு லிட்டர். டின் கறி எல்லாமே உப்பு ஜாஸ்தி, அதைத் தின்றுவிட்டு ஒரு லிட்டர் பாட்டிலோடு கடலில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

கறிதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு உப்புக்கண்டம். எங்கள் ஆயா கத்திரி வெயிலுக்காகவே காத்திருப்பாள். ஆட்டுத் தொடைக் கறியில் கொழுப்பு ஒரு இழைகூட இல்லாமல் சீவி எடுப்பாள். கொழுப்பு இருந்தால் சிக்கு வாடை அடித்துவிடும். விரல் நீளத்துக்கு நறுக்கி, கல் உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் அரைத்துப் பிசறி, ஒரு ராத்திரி ஊறவைத்து, கோணி ஊசியில் சணல் கோர்த்து மாலை மாலையாக மாடியில் கட்டுவாள். காக்கைக்காகப் பழைய மீன் வலை ஒன்றை மேலே போர்த்துவாள், கடலூரில் வலைக்கா பஞ்சம். பொழுது சாயும்போது வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும், பனி படக் கூடாது. நாலைந்து நாளில் கறி கறுத்துச் சுள்ளி மாதிரி ஆகி, ஒன்றோடொன்று தட்டினால் "டக் டக்" என்று கேட்கும். அப்போதுதான் பானைக்குள் போகும். வேண்டும்போது தட்டி எண்ணெயில் பொரித்து, ஒரு காகிதத்தில் மடித்து மடியில் கட்டிக்கொண்டு போகலாம். ஒரு துண்டு அரை மணி நேரம் வாயில் இருக்கும். மீன் கடிக்காத நாளில் அதைவிட நல்ல துணை கிடையாது.

கடைசியாக ஒன்று. காலி டின்னையும் மூடியையும் ஆற்றில் வீசாதீர்கள். உப்பனாற்றுச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். போன கார்த்திகையில் அதில் ஒருத்திக்கு உள்ளங்காலில் ஏழு தையல், டின் மூடி கிழித்து. மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. கடை வாசலில் ஒரு கோணி கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். என்னிடம் வாங்கிய டின்னோ வேறு எங்கே வாங்கியதோ, திரும்பும்போது அதில் போட்டுவிட்டுப் போகலாம். பழைய இரும்புக்காரர் வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்.

அடுத்த தடவை இந்த மாதிரிப் பக்கம் போடும்போது, திறந்த டின்னைப் பற்றி நாலு வரி பெரிய எழுத்தில் சேருங்கள். படம் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து நானே கடைத் தட்டில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரி,
கடலூர் முதுநகர்.